தேறிய உடம்பு, தேறாத எலும்பு

நெத்திலி அவியல் வைக்கும் நாளில், தேங்காய் அரைப்பு ஒட்டியிருக்கிறது என்பதற்காக இரண்டு மீனை மட்டும் எடுத்து வெந்நீரில் அலசித் தின்னும் பதினேழு வயதுப் பெண்ணை 'டயட்டில் இருக்கிறாள்' என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. அது மாதக்கணக்கில் நீண்டு, எடை இறங்கி, மாதவிடாயும் நின்றுவிட்டால், அது உணவுமுறை அன்று; அனோரெக்சியா போன்ற உண்ணுதல் கோளாறாக இருக்கக்கூடும். உரிய சிகிச்சை தொடங்கிச் சில மாதங்களில் கன்னம் நிரம்பிவிடும். 'பிள்ளை தேறியாச்சு' என்று வீட்டாருக்கும் நிம்மதி வரும். ஆனால் எலும்பு தேறுவதற்கு அதன்பிறகும் ஆண்டுக்கணக்கில் ஆகிறது. அது ஏன் அவ்வளவு தாமதிக்கிறது என்பதுதான் இங்கே கேள்வி.

எலும்பு என்பது ஒருமுறை கட்டி முடித்த சுவர் அன்று. இடிப்பதும் கட்டுவதுமாக எப்போதும் வேலை நடந்துகொண்டிருக்கும் வீடு. ஆஸ்டியோகிளாஸ்ட் எனப்படும் செல்கள் பழைய எலும்பை அரித்தெடுக்கின்றன. அந்தக் குழியில் ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள் முதலில் கொலாஜன் என்னும் புரத இழைகளைப் பின்னி, அவற்றின்மேல் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த உப்பைப் படியவிடுகின்றன. கான்கிரீட்டுக்குக் கம்பி எப்படியோ, எலும்புக்குக் கொலாஜன் அப்படி. ஓரிடத்தில் இடித்துக் கட்டி முடிக்கச் சில மாதங்கள் பிடிக்கும். வளர்ந்தவரின் எலும்புகளில் ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதம் இவ்வாறு புதிதாகிறது. வளரும் வயதில் மட்டும் கட்டுவது இடிப்பதை மிஞ்சி நிற்கும். வாழ்நாளில் சேரக்கூடிய எலும்பில் ஏறத்தாழ 90 சதவீதம் 20 வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. உண்ணுதல் கோளாறு பெரும்பாலும் தலைகாட்டுவதும் அதே வயதில்தான் என்பது இந்நோயின் கொடுமைகளுள் ஒன்று.

உணவு குறையும்போது உடல் முதலில் செலவைச் சுருக்குகிறது. கொழுப்புத் திசுவிலிருந்து வரும் லெப்டின் என்னும் ஹார்மோன் குறைந்ததும், கையிருப்பு தீர்கிறது என்று மூளையின் ஹைப்போதலாமஸ் புரிந்துகொண்டு, கருமுட்டைப் பைகளுக்குப் போகும் தூண்டுதலை நிறுத்திவிடுகிறது. மாதவிடாய் நிற்பது இதனால்தான். அதோடு, அந்தப் பைகளில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோனும் குறைகிறது. எலும்பை இடிக்கும் செல்களுக்குக் கடிவாளமாக இருந்ததோ அந்த ஈஸ்ட்ரோஜன்தான். இன்னொரு பக்கம், வளர்ச்சி ஹார்மோன் எவ்வளவு சுரந்தாலும் பட்டினியில் இருக்கும் கல்லீரல் அதற்குச் செவிசாய்ப்பதில்லை. எனவே அது சுரக்கவேண்டிய ஐ.ஜி.எஃப்-1 என்னும் பொருள், அதாவது கட்டும் செல்களை ஊக்கும் பொருள், குறைந்துபோகிறது. கூடவே உயரும் கார்டிசோல் என்னும் மன அழுத்த ஹார்மோனும் கட்டும் வேலையை மட்டுப்படுத்துகிறது. இவ்வாறு கடப்பாரைக்காரர் வேலையில் இருக்க, கொத்தனார் வராத நிலை உண்டாகிறது. இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் சிறுமியரிடம் இரு வேலையுமே முடங்கிவிடுவதும் உண்டு. ஆண் பிள்ளைகளும் இதற்கு விலக்கல்லர். அவர்களிடம் டெஸ்டோஸ்டிரோன் குறைந்து அதே சேதம் நேர்கிறது.

இதைப் புரிந்துகொண்டால், கால்சியம் மாத்திரை மட்டும் ஏன் போதாது என்பதும் விளங்கும். முற்றத்தில் சிமெண்ட் மூட்டை அடுக்கியிருந்தாலும் கொத்தனார் வராமல் சுவர் எழும்பாது. வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் பரிந்துரைத்தது. அது கிடைக்கத்தான் வேண்டும், ஆனால் கொத்தனாரை அழைத்துவருவது போதிய மொத்த உணவும் அதனால் திரும்பும் எடையும்தான். மாதவிடாயை வரவழைக்கக் கருத்தடை மாத்திரை கொடுப்பதும் எலும்பைக் காப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. மாத்திரையால் வரும் உதிரப்போக்கு, உடல் தானாகத் தேறிவிட்டது என்ற பொய் நம்பிக்கையைத் தருவதால், அது ஒருவகையில் தீங்கு என்றே நான் கருதுகிறேன்.

ஆனாலும் மிகவும் மெலிந்தவருக்கு வீட்டிலேயே ஒரேயடியாகச் சோற்றைக் குவித்துவிடலாகாது. நெடுநாள் பட்டினிக்குப் பின் மாவுச்சத்து உள்ளே போனதும் இன்சுலின் சுரந்து, இரத்தத்திலுள்ள பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் ஆகியவற்றைச் செல்களுக்குள் இழுத்துக்கொள்ளும். இரத்தத்தில் அவற்றின் அளவு சரிந்தால் இதயத்துடிப்பே தடுமாறும். முதல் நாள்கள் மருத்துவர் கண்காணிப்பிலும் இரத்தப் பரிசோதனையிலும் கழியவேண்டும் என்பது இதனால்தான். இரைப்பை மெதுவாகக் காலியாவதால் சிறிது உண்டாலே வயிறு நிறைந்ததாகத் தோன்றும். மூன்று வேளைச் சாப்பாட்டோடு இடையிடையே சிற்றுணவும் தருவது அதற்காக.

அந்தக் கட்டம் தாண்டியபின், குமரி மாவட்டத்துச் சமையலறையிலேயே வேண்டியது பெரும்பாலும் இருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் பர்மா அரிசி நின்றபோது திருவிதாங்கூரின் பசியாற்றிய மரச்சீனிக்கிழங்கில் (மரவள்ளி) ஆற்றல் உண்டு, புரதம் மிகக் குறைவு. கூட வைக்கும் மீன் அதை ஈடுகட்டுகிறது. நெத்திலியின் தலையைக் கிள்ளிக் குடலை எடுத்தபின் நடுமுள் அப்படியே இருக்கும். வெந்ததும் அது மெல்லும் பதத்துக்கு வந்துவிடுவதால், அந்த முள்ளின் கால்சியமும் பாஸ்பேட்டும் நமக்கு வந்து சேர்கின்றன. பெரிய மீனின் சதையில் இந்த அளவு கால்சியம் கிடைக்காது. கஞ்சியும் பயறும் தொட்டுக்கொள்ளும் தேங்காய்த் துவையலும் சேர்ந்த தட்டு, கொலாஜன் பின்னப் புரதமும் எடை ஏற ஆற்றலும் தரும். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு; ஊறவைத்து முளைகட்டினால், அது உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் பைட்டேட் ஓரளவு குறையும். மீன் உண்ணாத வீட்டில் பாலும் தயிரும் முருங்கைக்கீரையும் இந்தப் பங்கைச் செய்யும். தேங்காயை ஒதுக்கித் தனிக் குழம்பு வைத்துக்கொடுக்கும் அம்மாவின் பரிவு, நோயின் சட்டத்துக்கு அடங்குவதாகவே முடிகிறது. கொழுப்பும் மருந்துதான், கால்சியத்தை உடல் ஈர்க்க உதவும் வைட்டமின் டி உறிஞ்சப்படவே அது வேண்டும். வெயிலுக்குக் குறைவில்லாத முட்டத்துக் கடற்கரையில் வாழ்ந்தாலும், பகலெல்லாம் அறைக்குள் இருப்பவருக்கு அந்த வைட்டமின் குறையலாம். சோதித்துப் பார்த்துத் தேவையானால் மருத்துவர் தருவார்.

எடை ஏறத் தொடங்கியதும் எலும்பு கட்டப்படுவதற்கான அறிகுறிகள் இரத்தத்தில் சில வாரங்களிலேயே தென்படும். எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் மாற்றம் தெரிய ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். எடை கூடுவது இடுப்பெலும்புக்கும், மாதவிடாய் திரும்புவது முதுகெலும்புக்கும் தனித்தனியே கைகொடுப்பதாகத் தெரிகிறது. இழந்தது முழுவதும் சிலருக்குத் திரும்புவதில்லை. எலும்பு தேறும்வரை ஓட்டம், குதிப்பு போன்றவற்றுக்கு மருத்துவர் சம்மதம் வேண்டும். மெலிந்த எலும்பில் மயிரிழை விரிசல் விழ அதிக அடி தேவையில்லை. டெக்ஸா ஸ்கேன் அறிக்கையில் இளையோருக்குப் பார்க்கவேண்டியது, ஒத்த வயதினரோடு ஒப்பிடும் இசட் மதிப்பெண். மைனஸ் 2 அல்லது அதற்குக் கீழே இருந்தால் வயதுக்கு எதிர்பார்த்ததைவிடக் குறைவு என்று பொருள். ஓரிரு ஆண்டு கழித்து மீண்டும் எடுக்கும்போது முன்பு எடுத்த அதே கருவியில் எடுப்பது நல்லது. கருவிக்குக் கருவி அளவு மாறுவதால், கூடியது எலும்பா வெறும் எண்ணா என்று பிறகு பிரித்தறிய முடியாது.