கேன் தண்ணீர் குடித்தும் டைபாய்டா?

"டாக்டர், வீட்டில் நாங்கள் கேன் தண்ணீர்தான் குடிக்கிறோம், பிள்ளைக்கு எப்படி டைபாய்டு வரும்?" ஒன்பது நாள் காய்ச்சலில் துவண்டிருந்த சிறுவனை அழைத்துவந்த தாய் கேட்டார். வடசென்னையில் மருத்துவம் பார்க்கும் எனக்கு, இந்த மழைக்காலத்தில் இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

டைபாய்டுக் கிருமிக்கு மனித உடலைத் தவிர வேறு வீடு கிடையாது. யாரோ ஒருவருடைய மலம் உங்கள் வாய்வரை வந்துசேர்ந்திருக்கிறது என்பதே இந்நோயின் பொருள். இதை நாகரிகமாகச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. கேன் தண்ணீர் உங்கள் டம்ளரை மட்டுமே காக்கும். கொத்தமல்லியை அலசுவதும், தட்டைக் கழுவுவதும், வாய் கொப்பளிப்பதும் சம்ப் தண்ணீரில்தானே, அதாவது குழாய்த் தண்ணீரைச் சேர்த்துவைக்கும் நிலத்தடித் தொட்டியின் தண்ணீரில்? குழாயில் நாள் முழுவதும் தண்ணீர் வராத தெருக்களில், அழுத்தம் இல்லாத நேரத்தில் அருகிலுள்ள கழிவுநீர் விரிசல் வழியே உள்ளே இறங்கிவிடும். மறுநாள் காலை முதலில் வருவது அதுதான். சட்னி எந்தத் தண்ணீரில் அரைத்தீர்கள் என்று கேட்டேன். "சட்னிக்குப் போய் யாராவது கேன் தண்ணீர் ஊற்றுவார்களா?" என்றார் அந்த அம்மா.

கிருமி உள்ளே போய்ப் பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு வாரம் கழித்தே காய்ச்சல் தொடங்குவதால், முந்தின நாள் தின்ற பரோட்டாவைத் திட்டிப் பயனில்லை. பள்ளி வாசலில் குடித்த சர்பத்தை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. மீனுக்குப் போடும் ஐஸ் பாளத்தை உடைத்துச் சர்பத்தில் போட்டால், குளிர்ச்சியில் கிருமி செத்துவிடாது.

காய்ச்சலின் இரண்டாம் நாளே, இரத்தத்தில் டைபாய்டுக்கான எதிர்ப்புப் பொருளைத் தேடும் விடால் பரிசோதனை செய்து "பாசிட்டிவ்" சீட்டோடு வருபவர்களிடம் நான் தனியாகச் சண்டை போடுகிறேன். அதைவிட நம்பத்தக்கது, ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் எடுக்கும் இரத்த கல்ச்சர், அதாவது இரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை.

தண்ணீரைக் கொதிக்க வையுங்கள், வெதுவெதுப்பு போதாது. சம்ப்பை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழுவிக் குளோரின் இடுங்கள். மலம் கழித்த பின்பும் சமைக்கும் முன்பும் சோப்பு போடுங்கள், வெறும் தண்ணீர் வேண்டாம். கேன் வைக்கும் டிஸ்பென்சரை என்றைக்காவது கழுவியிருக்கிறீர்களா? ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்குக்கூடப் போடக்கூடிய, கான்ஜுகேட் என்ற வகை டைபாய்டுத் தடுப்பூசியை உலக சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்தது. ஒரு தவணை போதும். ஆனால் ஊசி போட்டாயிற்று என்று சாலையோர ஐஸுக்குத் திரும்பிவிடாதீர்கள்.

பிறருக்குச் சமைப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். குணமானவர்களில் நூற்றுக்கு 1 முதல் 5 பேர்வரை பித்தப்பையில் கிருமியைச் சுமந்தபடி நலமாக நடமாடுவார்கள். அடுப்படிக்குத் திரும்புமுன் மலப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

மறுமுறை வந்த அந்தத் தாய், வீட்டுச் சம்ப்பைக் கைப்பேசியில் படமெடுத்துக் காட்டினார். மூடியின் விளிம்பு தெரு மட்டத்திலேயே இருந்தது. மழைநீர் வழிந்து இறங்கிய சேற்றுக் கோடு அதன்மேல் காய்ந்திருந்தது.