எதிர்மலைக்கு வந்து சேராத பாதி

திருவிழாக் காலத்தில் இலங்கை மலையகத்தின் பொகவந்தலாவைப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், ஓர் இரவு தங்கிப் பாருங்கள். எதிர்மலையில் டீஜே போட்டிருப்பார்கள். நம் காதுக்கு வந்து சேருவது 'டும் டும்' மட்டும்தான். என்ன பாட்டு, சோகமா குஷியா, எதுவும் பிடிபடாது. ஆனாலும் கால் தாளம் போடும்.

உயர்ந்த அதிர்வுகளைக் காற்று வழியிலேயே அதிகமாக உறிஞ்சிவிடுகிறது. 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 60 அதிர்வு) அளவிலான தாழ்ந்த பேஸ் ஒலி அவ்வளவு தேயாது. மேட்டையும் மரத்தையும் வளைந்து கடந்து வந்துவிடும். ஆக, பாட்டின் வேகம் மலை தாண்டுகிறது, சுருதியும் குரலும் அங்கேயே நின்றுவிடுகின்றன. பதிந்த பாட்டை மாற்றி ரீமிக்ஸ் செய்கிறவரும் இப்படி வேகத்தையும் சுருதியையும் பிரித்துத்தான் வேலை பார்க்கிறார்.

முன்பு அப்படிப் பிரிக்க முடியாது. எங்கள் வீட்டு கேசட் ரேடியோவில் பெட்டரி இறங்கினால் பாட்டு இழுக்கும், பாடகியின் குரலும் ஆண்குரல் போலத் தடித்துவிடும். நாடா மெதுவாக ஓடினால் நொடிக்கு வரும் அதிர்வுகளும் குறையும், அவ்வளவுதான் காரணம். கணக்கும் எளிது: வேகத்தை ஏறத்தாழ 6 சதவீதம் கூட்டினால் சுருதி அரைக்கட்டை, அதாவது ஹார்மோனியத்தில் கறுப்போ வெள்ளையோ அடுத்த கட்டை அளவுக்கு, ஏறும்.

ஹிப் ஹொப் பாட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 85 முதல் 95 தாள அடி. ஆட்டத்துக்கான ஹவுஸ் இசை 120 முதல் 130. 95-இல் பாடியதை அப்படியே 128-க்கு ஓட்டினால் சுருதி ஐந்து அரைக்கட்டைக்கு மேல் ஏறி, ராப் பாடுகிறவர் சின்னப் பிள்ளை போலக் கீச்சிடுவார். நிமிடத்துக்கு 33 சுற்றில் ஓட வேண்டிய இசைத்தட்டை 45-இல் வைத்தால் வரும் அதே கூத்து.

சுருதியைத் தொடாமல் வேகத்தை மட்டும் மாற்ற வழி திறந்தது தொலைபேசி ஆராய்ச்சி. பேச்சைச் சுருக்கி அனுப்புவதற்காக பெல் ஆய்வகத்தில் ஃபிளனகனும் கோல்டனும் 1966-இல் ஃபேஸ் வோகோடர் என்ற முறையை வெளியிட்டார்கள். இன்றைய மென்பொருள்களில் இன்னும் எளிய முறையும் உண்டு. ஒலியை நொடியில் நூறில் சில பங்கு நீளமுள்ள துணுக்குகளாக வெட்டி, ஓட்டின் மேல் ஓடு வேய்வது போல ஒன்றன்மேல் ஒன்று படியவைக்கிறார்கள். நெருக்கி வேய்ந்தால் பாட்டு வேகமாகும், தள்ளி வேய்ந்தால் மெதுவாகும். துணுக்குக்குள் இருக்கும் அதிர்வு மாறாததால் சுருதி அப்படியே நிற்கும். ரொம்ப இழுத்தால் மட்டும் பிசகும்: தப்பு மேளத்தின் ஒரே அடி இரண்டு அடியாகக் கேட்கும்.

கெட்டிக்காரர்கள் இழுக்கவே மாட்டார்கள். 70-இல் பாடிய ராப்புக்குக் கீழே 140-இல் டிரம்ஸை ஓடவிடுவார்கள். தவில்காரர் இரண்டாங்காலத்துக்குப் போவதும் இதே கணக்குதான். சொல் நிதானமாக நடக்கும், உடம்பு ஓடும்.

சரி, மனநிலை எங்கிருந்து வருகிறது? வேகத்துக்கு அதில் பங்கு உண்டு, காது பழகிய பழக்கத்துக்கும் உண்டு. ஆனால் ரீமிக்ஸில் எனக்குப் பிடித்த வித்தை குரலுக்குக் கீழே நடப்பது. சங்கராபரண ராகத்தின் தைவதத்தை ('த') ஸட்ஜமாக ('ஸ') வைத்தால் நடபைரவி ராகம் வரும். ஸ்வரங்கள் அவையே, ஆதாரம்தான் வேறு. மேற்கத்திய இசையில் சி மேஜரும் ஏ மைனரும் இப்படிப்பட்ட சோடிதான். பாடகி ஸட்ஜமும் காந்தாரமுமாக ('க') நிற்கும்போது அடியில் ஸட்ஜத்தை வைத்தால் வெளிச்சம். அதே குரலுக்கு அடியில் தைவதத்தைப் பேஸாகப் போட்டால் முகம் வாடிவிடும். இத்தனைக்கும் பாடகியின் பதிவை யாரும் தொடவில்லை.

இங்கே தப்போசையைப் பதிந்து பாட்டில் சேர்க்கிற இளைஞர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. தீயில் காய்ச்சிய தோல் ஈரம் வற்றி இறுகும், சுருதி ஏறும். பனி இறங்க இறங்கத் தோல் ஈரத்தை உறிஞ்சித் தொய்யும், சுருதியும் இறங்கும். காய்ச்சிய கையோடு பதிந்த அடியும் ஒரு மணி நேரம் கழித்துப் பதிந்த அடியும் ஒரே பாட்டில் ஒட்டாது. மென்பொருளில் ஒவ்வோர் அடியாகச் சுருதியைத் தூக்கிச் சரிசெய்யலாம்தான். அதைவிட, மைக்குக்குப் பக்கத்திலேயே கொஞ்சம் வைக்கோலைக் கொளுத்தி மறுபடி காய்ச்சிக்கொள்வது சுலபம்.