க்யூப் சிதறவில்லை என்றால் பாஸ் என்று அர்த்தமில்லை

இந்த வாரமும் எங்கள் கான்கிரீட் டெஸ்ட் லேபுக்கு ஒரு மேஸ்திரி வந்தார். கொண்டுவந்தவை மாடி வீட்டு ரூஃப் கான்கிரீட்டின் க்யூப்கள், அதாவது அமுக்கிப் பார்க்க வார்த்தெடுத்த சோதனைக் கட்டிகள், 28 நாள் முடிந்தவை. எம்25 கலவை, அதாவது சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் வலிமை. ஸ்டீல் ஃபைபர், பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் ஃபைபர், இரண்டு வகை இழையையும் கலந்து போட்டிருக்கிறார்கள். 150 மி.மீ. க்யூப் எம்25 தேற வேண்டுமானால் 562 கிலோநியூட்டனுக்கு மேல் தாங்க வேண்டும். இது 500-ஐக்கூடத் தொடவில்லை. மேஸ்திரி ஒப்புக்கொள்ளவே இல்லை. "மெஷின்லதான் கோளாறு சார். க்யூப் உடையவே இல்ல பாருங்க!"

உடையவில்லைதான். சாதா க்யூப் தோற்கும்போது பக்கங்கள் தெறித்து, நடுவில் இரண்டு கூம்புகள் முனையோடு முனை ஒட்டினாற்போல் நிற்கும். ஃபைபர் க்யூப் அப்படித் தெறிக்காது. மெல்லிய செங்குத்து விரிசல்கள் விழும், பக்கங்கள் லேசாகப் புடைக்கும், கையில் எடுத்தாலும் முழுசாக வரும். பார்க்கிறவருக்கு அது ஜெயித்த மாதிரி இருக்கும். ஆனால் நான் ரிப்போர்ட்டில் எழுதுவது அது தாங்கிய உச்ச சுமையைத்தான். தோற்ற பிறகும் துண்டுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருப்பது நல்ல குணம். ஆனால் அது விரிசல் விட்ட பிறகும் விட்டுக்கொடுக்காத உரம் (டஃப்னஸ்), நசுக்கும் சுமையைத் தாங்கும் அழுத்து வலிமை வேறு.

"ரெண்டு வகை ஃபைபர் போட்டா ரெண்டு மடங்கு பலம்" என்று யாரோ சொல்லிக்கொடுத்துவிட்டார்கள், அது சைட்டுக்கு சைட் பரவிவிட்டது. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சிமென்ட் மூட்டைக்கு 125 கிராம் பாக்கெட் ஒன்று, கன மீட்டருக்கு ஏழு மூட்டை என்றால் 875 கிராம் பாலிபுரொப்பிலீன். அதைச் சுற்றி இருக்கும் கான்கிரீட் சுமார் 2400 கிலோ. அந்த இழையின் விறைப்பு கான்கிரீட்டின் விறைப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகாது. நூலை மேலிருந்து அமுக்கினால் அது என்ன எடையைத் தாங்கும்? சரி, ஸ்டீல் ஃபைபர்? அமெரிக்க கான்கிரீட் இன்ஸ்டிடியூட்டின் 544-ஆம் குழு சொல்வது, கன அளவில் 1.5 சதவீதம் வரை போட்டாலும் அழுத்து வலிமை கூடுவது 0 முதல் 15 சதவீதம்தான். அந்தப் பூஜ்யத்தையும் கவனியுங்கள். 1.5 சதவீதம் என்றால் கன மீட்டருக்கு கிட்டத்தட்ட 118 கிலோ. குடோன் தரைக்கே வழக்கமாக 20 முதல் 40 கிலோதான் போடுகிறோம். வீட்டு ரூஃபுக்கு நீங்கள் எவ்வளவு போட்டீர்கள் என்று நான் கேட்கவில்லை.

கூடாவிட்டால் போகட்டும், குறைவது ஏன்? தண்ணீர். ஃபைபர் விழுந்ததும் கலவை இறுகும், கொத்தனார் முகம் சுளிப்பார், அடுத்த நிமிஷம் ஒரு பக்கெட் தண்ணீர் உள்ளே போகும். தண்ணீர் கூடினால் வலிமை குறையும், அதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. க்யூபை எடை போட்டாலே பாதி கதை தெரிந்துவிடும். எட்டு கிலோவுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டியது, ஃபைபர் பந்து பந்தாகத் திரண்டு காற்று சிக்கியிருந்தால் நன்றாகவே இறங்கியிருக்கும்.

கலப்பு ஃபைபர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இடம் தெரிந்து போடுங்கள். 1996 நவம்பரில் இங்கிலாந்து–பிரான்ஸ் சேனல் சுரங்கத்தில் தீப்பிடித்தபோது, சுவர்க் கான்கிரீட் வெடித்து வெடித்து உரிந்தது. பின்னால் வந்த லண்டன் இணைப்பு ரயில் பாதையின் சுரங்க வளையங்களில் ஸ்டீல், பாலிபுரொப்பிலீன் இரண்டும் சேர்ந்தன. ஸ்டீல் விரிசலைப் பிடிக்கும். பாலிபுரொப்பிலீன் 160 டிகிரிக்குப் பக்கத்தில் உருகி, உள்ளே சிக்கிய நீராவிக்கு வழி விடும். சாதாரண நாளில் நம் தளத்தில் அதே மெல்லிய இழை செய்வது, ஈரம் காய்வதற்குள் விழும் நுண்விரிசலைத் தடுப்பது. இந்த வேலைகளில் எதற்கும் க்யூப் ரிசல்ட் சாட்சி சொல்லாது. ஃபைபரின் பலனைப் பார்க்க வேண்டுமானால் ஈஎன் 14651 என்ற ஐரோப்பிய தர முறையில், அடியில் வெட்டு போட்ட பீமை வளைத்துப் பாருங்கள்.

சரி, போடுவதென்று முடிவு செய்துவிட்டால்:

ஃபைபரைக் கடைசியில், ஓடுகிற மிக்சரில் தூவுங்கள். பாக்கெட்டைக் கவிழ்க்காதீர்கள். கையால் கலக்கும் வேலைக்கு ஸ்டீல் ஃபைபர் வேண்டவே வேண்டாம். இறுகினால் கலவையை இளக்கும் அட்மிக்சர் மருந்து, தண்ணீர் இல்லை. கலவையின் இளக்கத்தை அளக்கும் ஸ்லம்ப் குறைவாகக் காட்டுவதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். வைப்ரேட்டர் பட்டால் ஃபைபர் கலவை நன்றாகவே ஓடும். க்யூப் போடும்போது கம்பியால் குத்தாமல் டேபிள் வைப்ரேட்டரில் வையுங்கள். குத்துகிற இடத்தில் இழைகள் விலகிப் பள்ளமாகும், அப்புறம் லேப்பைக் குறை சொல்வீர்கள். பிபிசி (போசலானா கலந்த) சிமென்ட் என்றால் பத்து நாளாவது தண்ணீர் கட்டுங்கள். ஃபைபர் போட்டதற்காக க்யூரிங்கில் சலுகை கிடையாது.

வீட்டுக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. "ஃபைபர் போடுறோம்ல, கம்பி இடைவெளியைக் கூட்டிக்கலாம்" என்று யாராவது சொன்னால், தயவுசெய்து அதே இடத்தில் வேலையை நிறுத்திவிட்டு, டிராயிங் போட்ட இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். கூப்பிடும்போது கான்கிரீட் இன்னும் ஊற்றியிருக்கக் கூடாது. ஊற்றிய பிறகு என்னிடம் வந்தால் குறைந்தது மூன்று இடத்தில் கோர், அதாவது துளைத்தெடுக்கும் உருளைத் துண்டு, எடுக்க வேண்டும். அந்தக் கலவைக்கு உரிய க்யூப் வலிமையில் சராசரி 85 சதவீதத்துக்கும், எந்த ஒரு கோரும் 75 சதவீதத்துக்கும் கீழே போகக் கூடாது. அதுவும் கான்கிரீட்டின் வலிமையைத்தான் சொல்லும். விட்டுப்போன கம்பியை எந்த கோரும் திருப்பிக் கொடுக்காது.