பகல்ல எடுத்த ராத்திரி: நோஸ்ஃபெரட்டு இன்னும் ஏன் பயமுறுத்துது, எங்க சொதப்புது?

1922 மார்ச் 4, பெர்லின்ல முதல் தடவை திரையிட்ட ஜெர்மன் ஊமைப்படம் நோஸ்ஃபெரட்டு. டைரக்டர் முர்னாவ், கேமரா ஃப்ரிட்ஸ் ஆர்னோ வாக்னர், ஓர்லோக் பிரபுங்கிற ரத்தம் குடிக்கிற பேயா நடிச்சவர் மாக்ஸ் ஷ்ரெக். பிரானா ஃபிலிம்னு புதுசா ஆரம்பிச்ச ஒரு சின்ன கம்பெனிதான் எடுத்துச்சு, கையில இருந்தது ஒரே ஒரு கேமரா, பெரிய செட்டு போட வசதியில்லாத இடத்துல நேரா ஜெர்மனியோட விஸ்மார், லூபெக் ஊர்த் தெருவுக்கும் ஸ்லோவாக்கியாவுல இருக்கிற ஓராவா கோட்டைக்கும் போயிட்டாங்க. நூறு வருஷம் தாண்டியும் இந்தப் படத்துல சில ஷாட் பார்க்கும்போது முதுகுல ஜில்லுனு ஏறுது, சில ஷாட் பார்த்தா தியேட்டரே சிரிக்குது. ரெண்டுக்கும் காரணம் ஒண்ணுதான்னு நான் நினைக்கிறேன், அன்னிக்கு இருந்த ஃபிலிமும் கேமராவும் வேலை செஞ்ச விதம்.

முதல்ல ஃபிலிம் ரோலைப் பார்ப்போம். ஃபிலிம்ல இருக்கிற வெள்ளி உப்புக்கு தானா தெரியிறது நீலமும் ஊதாவும் அதுக்கு அப்பால இருக்கிற அல்ட்ராவயலட்டும்தான். 1873ல பெர்லின்ல ஹெர்மன் ஃபோகல்ங்கிற வேதியியல்காரர் அதுல சாயம் கலந்தா பச்சையும் பதியும்னு கண்டுபிடிச்சாரு, அப்படி வந்ததுதான் ஆர்த்தோகுரோமேட்டிக் ஃபிலிம். ஆனா சிவப்பு அதுக்கு சுத்தமா தெரியாது. அதனால உதடு கருப்பாயிடும், கண்ணைச் சுத்தி இருக்கிற செவப்பு குழி விழுந்த மாதிரி ஆயிடும், தோல்ல லேசா இருக்கிற செம்மை கூட அழுக்கு படிஞ்ச மாதிரி இருண்டு போகும். ஷ்ரெக்கோட மொட்டைத்தலை, எலிப்பல்லு, கூர்மையான காது எல்லாம் மேக்கப்தான், அதுல சந்தேகமே இல்ல, ஆனா அந்த மேக்கப்புக்கு மேல ஃபிலிமே ஒரு கோட்டிங் குடுக்குது.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. நம்ம கண்ணும் இருட்டுல இப்படித்தான் பார்க்குது. நல்ல வெளிச்சத்துல கூம்பு செல்கள் வேலை செய்யும், அதுக்கு 555 நானோமீட்டர் பக்கம் இருக்கிற மஞ்சள் கலந்த பச்சைதான் ரொம்பப் பளிச்சுனு தெரியும், வெளிச்சம் குறைய குறைய கோல் செல்கள் பொறுப்பை எடுத்துக்கும், அதுக்கு 500 பக்கம், அதாவது நீலம் கலந்த பச்சை. சிவப்பு கிட்டத்தட்ட காணாமலே போயிடும். பொழுது சாயும்போது செம்பருத்தி கருத்துப்போய் இலை மட்டும் வெளுப்பா தெரியுமே, அதுதான், பூர்க்கினியே விளைவுன்னு சொல்வாங்க. ஆக சிவப்பு தெரியாத அந்த ஃபிலிம் ஒரு மனுஷ முகத்தை எடுத்தா, நாம அந்தி இருட்டுல எதிர்ல வர்ற ஆளைப் பார்க்கிற மாதிரியே வருது. காரணம் தெரியாமலே நமக்கு உள்ள ஒரு மாதிரி ஆகுறதுக்கு இதுவும் ஒரு காரணம்னு நான் நம்புறேன்.

சரி, இதே ஃபிலிம்தான் படத்தோட பெரிய பலவீனமும். அதோட வேகம், அதாவது வெளிச்சத்தைப் பிடிக்கிற சக்தி, ரொம்பக் கம்மி, உண்மையான ராத்திரியில வெளியில எடுக்கணும்னா லாரி லாரியா லைட்டு வேணும். அதனால ராத்திரி சீனையெல்லாம் பட்டப்பகல்ல எடுத்தாங்க. நீலத்தை அள்ளிக் குடிக்கிற ஃபிலிம்ல வானம் அப்படியே வெள்ளையா வெளுத்துப் போகும், தரையில நிழல் பளிச்சுனு விழும், சூரியன் பட்டா சாகுற ஓர்லோக் பிரபு சவப்பெட்டியைத் தூக்கிக்கிட்டு வெயில்ல நடந்து போவாரு. இதுக்கு அவங்க வச்சிருந்த வைத்தியம் சாயம்: தியேட்டருக்குப் போற பிரிண்டை சாயத்தண்ணியில முக்கி எடுக்கிறது, ராத்திரிக்கு நீலம், விடியலுக்கு ரோஸ், விளக்கு வெளிச்சத்துக்கு மஞ்சள். அந்தக் கால ஜனங்களுக்கு இந்தக் கலர் பழக்கம், நீலம் வந்தாலே ராத்திரின்னு எடுத்துக்குவாங்க. பின்னாடி கருப்பு வெள்ளையிலயே காப்பி மேல காப்பி எடுத்தப்போ சாயம் போயிடுச்சு, பேய் பகல்ல சுத்துற மாதிரி ஆயிடுச்சு, பழியை முர்னாவ் தலையில போட்டாங்க.

அசைவு விஷயத்துக்கு வருவோம். கப்பல்ல ஓர்லோக் சவப்பெட்டியில இருந்து எந்திரிக்கிற ஷாட்தான் என்னைக் கேட்டா படத்துலயே உச்சம். இடுப்பு மடங்காது, கை ஊனாது, பலகை மாதிரி நேரா மேல வருவாரு. 1973ல குன்னார் யோஹான்சன்ங்கிற ஸ்வீடன் உளவியல்காரர் நடக்கிற ஆளோட மூட்டுல மட்டும் சின்னச் சின்ன வெளிச்சப் புள்ளி வச்சு இருட்டுல படம் எடுத்துக் காட்டினாரு, புள்ளிகள் நகர ஆரம்பிச்ச உடனே இது மனுஷன்னு பார்க்கிறவங்க சொல்லிட்டாங்க. மனுஷ உடம்பு எப்படி அசையும்ங்கிறது நம்ம மூளையில அவ்வளவு ஆழமா பதிஞ்சிருக்கு. அந்த விதியில ஒண்ணே ஒண்ணை மட்டும் உடைச்சா, அதாவது உருவம் மனுஷன் ஆனா இடுப்பு மட்டும் மடங்கலைன்னா, மூளை அதை எங்க சேர்க்கிறதுன்னு தெரியாம தவிக்குது.

ஆனா எல்லா விதியையும் ஒரே நேரத்துல உடைச்சா பயம் போயிடும். காட்டுல வர்ற பேய் வண்டி அப்படித்தான் கெட்டுச்சு. அந்தக் காலத்து கேமராவுல கைப்பிடியை ஒரு சுத்து சுத்தினா சாதாரணமா 8 ஃப்ரேம் ஓடும், ட்ரிக்குக்குன்னு ஒரு சுத்துக்கு ஒரே ஃப்ரேம் ஓடுற வசதியும் உண்டு. இடைவெளி விட்டு விட்டு எடுத்ததை சாதாரண வேகத்துல ஓட்டினா குதிரையும் வண்டியும் வெட்டி வெட்டி பறக்கும். முர்னாவ் நினைச்சது இந்த உலகத்து வேகமே இல்லாத ஒரு வண்டி, நமக்குத் தெரியிறது காமெடிப் படத்துல துரத்துற வண்டி. சவப்பெட்டியை ஏத்துற சீனும் அப்படியே. அதே காட்டுல கொஞ்ச நேரம் நெகட்டிவ்வையே பாசிட்டிவ்க்கு நடுவுல ஒட்டியிருக்காங்க, மரமெல்லாம் வெள்ளை, வானம் கருப்பு, செலவு ஒண்ணுமே இல்ல, அது மட்டும் அட்டகாசமா வேலை செய்யுது. ஓநாய் மனுஷன்னு சொல்லிட்டு ஒரு கழுதைப்புலியைக் காட்டுறதை மன்னிக்கவே முடியல.

மாடிப்படி ஏறுற நிழலைப் பத்தி சொல்லாம இருக்க முடியாது. லைட்டுக்கும் ஆளுக்கும் 1 மீட்டர், லைட்டுக்கும் சுவருக்கும் 4 மீட்டர்னா நிழல் 4 மடங்கு பெருசு, அவ்வளவுதான் கணக்கு. லைட்டு சின்னப் புள்ளியா இருந்தா ஓரம் கத்தி மாதிரி கூர்மையா விழும், சுவர் மேல சாய்வா விழுந்தா விரல் தானா நீளும். கடைசியில அந்த நிழல் கை கதாநாயகி எல்லனோட நெஞ்சைப் பிடிச்சு நசுக்கும்போது ரத்தம் இல்ல, கடி இல்ல, தொடவே இல்ல, ஆனா அவ துடிக்கிறா. விடியல்ல பேய் மறையிறதும் கேமராவுக்குள்ளயே முடியிற ட்ரிக்தான், லென்ஸை மெதுவா மூடி, ஃபிலிமைப் பின்னாடி சுத்தி, ஆள் இல்லாத அறையை அதே ஃபிலிம்ல மறுபடி எடுக்கணும், கேமரா ஒரு நூல் கூட அசையக்கூடாது. அதே அறைக் கண்ணாடியில ஓர்லோக்கோட பிம்பம் தெளிவா தெரியிறது இன்னொரு குறை, டிராகுலா கதைப்படி இந்த மாதிரி பேய்க்குக் கண்ணாடியில பிம்பமே விழக்கூடாது. நடுவுல கடிதம், புத்தகப் பக்கம்னு படிக்கச் சொல்லி நிறுத்துறதும் வேகத்தைக் குறைக்குது, எல்லனோட புருஷன் ஹுட்டரா வர்றவரோட நடிப்பும் ஆரம்பத்துல ரொம்ப ஓவர்.

டிராகுலா நாவலோட உரிமையை வாங்காம எடுத்ததால நாவலாசிரியரோட மனைவி கேஸ் போட்டாங்க, 1925ல பிரிண்ட் எல்லாத்தையும் அழிக்கச் சொல்லி கோர்ட் ஆர்டர் வந்துச்சு. தப்பிச்ச பிரிண்ட்களை வச்சுத்தான் பின்னாடி சீரமைச்சாங்க, அப்படி வந்த சீரமைப்புகள்ல பழைய சாயக் கலரும் திரும்பிடுச்சு. பார்க்கிறதா இருந்தா 94 நிமிஷம் பக்கம் ஓடுற கலர் டின்ட் பிரிண்டா தேடிப் பாருங்க. ஒரு மணி நேரத்துலயே முடியிற கருப்பு வெள்ளைக் காப்பி நெட்ல நிறைய கிடக்கு, அதுல சில சீன் வெட்டுப்பட்டிருக்கும், இல்லன்னா வேகத்தைக் கூட்டி ஓட்டியிருப்பாங்க, ஓர்லோக்கோட அந்த மெதுவான நடை அதுல இருக்காது.