கைவிடுவது பிறவிக் குணம், நம்பிக்கை கற்றுக்கொண்டது

1960களில் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் என்ற இரண்டு இளம் உளவியல் ஆய்வாளர்கள் நாய்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். இன்றைக்கு அதற்கு அனுமதி கிடைப்பது கடினம். ஒரு பிரிவு நாய்களுக்கு மின்னதிர்ச்சி வரும்போது தலையால் ஒரு பலகையை அழுத்தினால் அது நின்றுவிடும். இன்னொரு பிரிவுக்கும் அதே அளவு, அதே நேரம் அதிர்ச்சி. ஆனால் அவை என்ன செய்தாலும் நிற்காது.

அடுத்து, எல்லா நாய்களையும் தாழ்வான தடுப்பு கொண்ட ஒரு கூண்டில் விட்டார்கள். தாண்டிக் குதித்தால் அதிர்ச்சியிலிருந்து தப்பிவிடலாம். முதல் பிரிவு சுலபமாகத் தாண்டியது. இரண்டாம் பிரிவில் பெரும்பாலானவை தாண்ட முயலவே இல்லை. படுத்து முனகிக்கொண்டு வலியைப் பொறுத்துக்கொண்டன. இரண்டு பிரிவும் அனுபவித்த வலி ஒன்றுதான். தன் செயலுக்குப் பலன் இருந்ததா, இல்லையா என்பது மட்டுமே வித்தியாசம். 1967-இல் இது வெளியானபோது, 'நம்மால் ஆகாது' என்பதை நாய்கள் கற்றுக்கொண்டுவிட்டன என்றுதான் இருவரும் விளக்கினார்கள். உளவியல் பாடப் புத்தகங்களும் பல பத்தாண்டுகள் அதையே சொல்லின.

அந்த விளக்கம் தலைகீழானதுதான் கதையின் சுவையான பகுதி. மேயர் பின்னர் நரம்பியல் பக்கம் போய், எலிகளின் மூளையை ஆராய்ந்தார். நீண்ட நேரத் துன்பம் வரும்போது மூளைத்தண்டில் உள்ள டார்சல் ராஃபே என்ற சிறிய பகுதி, செரட்டோனின் என்ற மூளை வேதிப்பொருளைத் தாராளமாகச் சுரக்கிறது. விளைவு: பயம் கூடுகிறது, உடல் முடங்குகிறது. இதற்கு எந்தப் பயிற்சியும் தேவையில்லை, பிறவியிலேயே வருவது. 'நான் செய்தால் மாறுகிறது' என்று கண்டுபிடிக்கும் வேலை நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் பகுதியுடையது. அது விஷயத்தைப் பிடித்துக்கொண்டால், கீழே இருக்கும் ராஃபேயை அடக்கிவிடும். அந்த முன்மூளைப் பகுதியை மருந்து கொடுத்துச் செயலிழக்க வைத்தபோது, அதிர்ச்சியைத் தானே நிறுத்த முடிந்த எலிகள்கூட, நிறுத்த முடியாதவை போலவே பின்னர் முடங்கின.

2016-இல் இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரையில், தங்கள் பழைய விளக்கம் தவறு என்று ஒப்புக்கொண்டார்கள். முடங்குவதுதான் இயல்பு, தன்னால் முடியும் என்பதைத்தான் மூளை கற்றுக்கொள்கிறது. ஐம்பது ஆண்டுப் புகழைத் தந்த கருத்தைத் தாங்களே திருத்துவது அறிவியலில் அடிக்கடி நடப்பதில்லை.

அப்படியென்றால் முடங்கிய நாய்கள் என்ன ஆயின? கூப்பிட்டும் ஆசை காட்டியும் அவை அசையவில்லை. கழுத்தில் வாரைக் கட்டி, தடுப்பின் மறுபக்கத்துக்கு மறுபடி மறுபடி இழுத்துச் செல்ல வேண்டியிருந்தது. அப்புறம் தாமாகவே போகத் தொடங்கின. விடாமல் முயற்சி செய் என்ற அறிவுரை மனம் உடைந்தவரிடம் ஏன் எடுபடுவதில்லை என்பதற்கு இதில் ஒரு துப்பு இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. மூளைக்கு வேண்டியது சாட்சி. செய்தோம், நடந்தது என்ற சாட்சி, எவ்வளவு சின்னதாக இருந்தாலும் சரி. மனச்சோர்வுக்கான சிகிச்சைகளில் ஒன்று, நோயாளிக்கு உற்சாகம் வரும்வரை காத்திருக்காமல் சிறு செயல்களை முதலில் செய்ய வைக்கிறது. இந்தக் கண்டுபிடிப்போடு அது நன்றாகவே பொருந்துகிறது.

சரி, நல்லதே நடக்கும் என்று கனவு கண்டால் போதாதா? உளவியலாளர் கேப்ரியல் ஓட்டிங்கன் 1991-இல் உடல் எடை குறைக்கும் திட்டத்தில் சேர்ந்த பெண்களை ஆராய்ந்தார். வெற்றி பெறுவோம் என்று எதிர்பார்த்தவர்களுக்கு எடை அதிகம் குறைந்தது. ஆனால் மெலிந்த உடலோடு தங்களை இனிமையாகக் கற்பனை செய்து பார்த்தவர்களுக்குக் குறைவாகவே குறைந்தது. இலக்கைக் கற்பனையில் அடைந்துவிட்டால், அதற்காக உழைக்கும் வேகம் தணிந்துவிடுகிறது என்பது அவருடைய விளக்கம். பின்னர் அவர் செய்த ஆய்வுகளில், வழியில் வரப்போகும் தடையையும் சேர்த்து நினைக்கச் சொன்னபோது, எட்டக்கூடிய இலக்கு உள்ளவர்கள் கூடுதலாக முயன்றார்கள். எட்ட முடியாத இலக்கு உள்ளவர்கள் அதை விட்டுவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போனார்கள்.