பணியிடத்தில் பெட்ரோல் வைத்திருத்தலும் நிரப்புதலும்: சட்டமும் உரிமையும்

பாலாற்றங்கரைத் தென்னந்தோப்புகளில் புல் வெட்டும் இயந்திரம், மருந்து அடிக்கும் பவர் ஸ்பிரேயர், கடைகளில் சிறு ஜெனரேட்டர் என்று வேலூர் வட்டாரத்தில் பெட்ரோலில் ஓடும் கருவி இல்லாத பணியிடம் குறைவு. அவற்றுக்கான பெட்ரோல் குடிநீர் பாட்டிலில் வாங்கிவரப்பட்டு, அதே பாட்டிலிலேயே மூலையில் வைக்கப்படுவதும் வழக்கமாகிவிட்டது. இந்த வழக்கத்துக்குச் சட்டத்தில் இடமில்லை.

1934ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டம், 8ஆம் பிரிவின்படி, விற்பனைக்கு அல்லாத பெட்ரோலை மொத்தம் 30 லிட்டர் வரை உரிமம் இன்றி வைத்திருக்க அனுமதிக்கிறது. பலரும் இந்த அளவை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, அதனுடன் சேர்ந்த நிபந்தனையை மறந்துவிடுகிறார்கள். உரிமமின்றி வைத்திருக்கும் பெட்ரோல் கண்ணாடி, பீங்கான் அல்லது உலோகக் கலத்தில், இறுக்கமான மூடியுடன் இருக்க வேண்டும். கண்ணாடி, பீங்கான் கலம் 1 லிட்டருக்கும், உலோகக் கலம் 25 லிட்டருக்கும் மேற்படக் கூடாது. வண்டிக்கும் நிலையாகப் பொருத்தப்பட்ட இயந்திரத்துக்கும் தனி வரம்பு இருந்தாலும், கலம் பற்றிய நிபந்தனை அங்கும் மாறுவதில்லை.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் பெட்ரோலின் இயல்பு. சுழியத்துக்கு 40 டிகிரி கீழேகூடத் தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும் பொருள் அது. வேலூரின் கத்திரி வெயிலில் அந்த ஆவி எவ்வளவு கிளம்பும் என்று சொல்லத் தேவையில்லை. காற்றைவிடக் கனமான அந்த ஆவி தரையோடு படர்ந்து, சற்றுத் தள்ளி எரியும் அடுப்பையோ பீடியையோ எட்டி, தீயாகத் திரும்பி வரக்கூடும்.

பெரும்பாலும் ஆபத்து நேர்வது, வேலை நடுவில் பெட்ரோல் தீர்ந்து, அவசரத்தில் சூடான இயந்திரத்திலேயே ஊற்றும்போதுதான். ஆகவே இயந்திரத்தை நிறுத்தி, சைலன்சர் ஆறும் வரை காத்திருந்து, திறந்த வெளியில், புனல் வைத்து, விளிம்பு வரை நிரப்பாமல் ஊற்ற வேண்டும். முதுகில் மாட்டும் கருவியை இறக்கித் தரையில் வைத்த பிறகே நிரப்ப வேண்டும். சிந்தியதைத் துடைத்து, நிரப்பிய இடத்திலிருந்து பத்தடியாவது தள்ளிச் சென்று இயக்க வேண்டும். மின்வெட்டின்போது மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஜெனரேட்டருக்கு ஊற்றுவதைவிட, இருட்டில் இருப்பதே மேல். பெட்ரோல் பங்கில் கேன் நிரப்பும்போதும் அதை வண்டியிலிருந்து இறக்கித் தரையில் வைப்பது, நிலைமின்பொறி எழாமல் இருக்க உதவும். அருகில் மணல் வாளியோ உலர்தூள் தீயணைப்பானோ இருக்கட்டும். எரியும் பெட்ரோலில் தண்ணீர் ஊற்றினால் தீ பரவும்.

உடலில் தீக்காயம் பட்டால் நிலைமை வேறு: தீயை அணைத்தபின் 20 நிமிடம் குழாய்த் தண்ணீர் விட வேண்டும், பற்பசையும் மையும் தடவக் கூடாது. 108ஐ அழைக்க வேண்டும்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ள, ஈ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் சேர்க்கப்பட்ட தொழிலாளிக்கு, பணியில் ஏற்பட்ட காயத்தால் மூன்று நாளுக்குக் குறையாமல் வேலை செய்ய முடியாமல் போனால், சராசரி நாள் சம்பளத்தில் 90 விழுக்காடு உதவித்தொகை உண்டு. வேலையில் சேர்ந்து சில நாள்களே ஆகியிருந்தாலும் இது பொருந்தும். ஈ.எஸ்.ஐ. வரம்புக்கு வெளியே உள்ளவருக்கு இழப்பீடு தரும் பொறுப்பு முதலாளியைச் சேரும். விபத்தை மேற்பார்வையாளரிடம் வாய்மொழியாகத் தெரிவித்தாலும் செல்லும் என்றாலும், விபத்துப் பதிவேட்டில் அன்றே எழுதச் செய்வது, பிற்பாடு உதவித்தொகை கோரும்போது தகராறு எழாமல் காக்கும்.