காரின் பின்பக்கச் சத்தம்: எப்போது வருகிறது என்று கவனியுங்கள்

"பின்னாடி ஊஊன்னு சத்தம் வருது, டிஃபரன்ஷியல் போயிடுச்சாம்." பின்சக்கர இயக்கம் உள்ள கார்களைப் பட்டறைக்குக் கொண்டுவரும் பலர் இப்படி முடிவோடுதான் வருகிறார்கள். அதில் ஒரு பகுதி வண்டிகளுக்கு டிஃபரன்ஷியலை, அதாவது திருப்பத்தில் இரு பின்சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் பின் அச்சு கியர் தொகுதியை, தொடவே வேண்டியிருக்காது. அதனால் நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: சத்தம் எப்போது வருகிறது?

எங்கிருந்து வருகிறது என்று கேட்காததற்குக் காரணம் உண்டு. இரும்புத் தகடு சத்தத்தை வெகுதூரம் கடத்தும். வலது சக்கர பேரிங்கின் இரைச்சல் இடது சீட்டுக்கு அடியில் கேட்கலாம். இடத்தைக் காது தவறாகச் சொல்லும். நேரத்தைச் சரியாகவே சொல்லும்.

முதலில் டயரைச் சந்தேகப்படுங்கள். மேடும் பள்ளமுமாகத் தேய்ந்த டயர், கெட்டுப்போன பேரிங் போலவே உறுமும். வழவழப்பான தார்ச்சாலையிலிருந்து சொரசொரப்பான சாலைக்கு மாறும்போது சத்தத்தின் தன்மை மாறினால் பெரும்பாலும் டயர்தான். நான்கு டயரும் ஒரே அளவு என்றால் முன்னும் பின்னும் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். சத்தமும் இடம் மாறிவிட்டால் சந்தேகம் தீர்ந்தது.

அடுத்தது ஆக்சிலரேட்டர். இதைத்தான் நிதானமாகக் கவனிக்க வேண்டும். மிதிக்கும்போது கிரவுன் (டிஃபரன்ஷியலைச் சுழற்றும் பெரிய பல்சக்கரம்), பினியன் (அதை ஓட்டும் சிறிய பல்சக்கரம்) பற்களின் ஒரு முகம் அழுந்துகிறது; காலை எடுத்தால் மறுமுகம் அழுந்துகிறது. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மிதித்தால் ஊளையிட்டு, விட்டால் அடங்குகிறது, அல்லது அதற்கு நேர்மாறாக நடக்கிறது என்றால் பற்களின் பொருத்தத்தையோ பினியன் பேரிங்கையோ பார்க்க வேண்டும். வீல் பேரிங்குக்கு ஆக்சிலரேட்டரை மிதிப்பதும் விடுவதும் பெரிதாகப் பொருட்டில்லை. அது எடைக்குத்தான் பதில் சொல்லும். ஓடும் வேகத்தில் மெதுவாக இடதுபக்கம் வளையும்போது எடை வலப்பக்கம் சாய்கிறது. அப்போது இரைச்சல் கூடினால் வலது பேரிங்கைப் பாருங்கள்.

நேராகப் போகும்போது அமைதி, மெதுவாகத் திரும்பும்போது மட்டும் கடகட சத்தம் என்றால் கதை வேறு. டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் சிறு கியர்கள் இரு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழலும்போதுதான் தம் அச்சில் சுற்றும். ஆகவே திருப்பத்தில் மட்டும் வரும் சத்தத்துக்கு அவற்றைப் பார்க்கலாம். ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுற்றுவதைக் கட்டுப்படுத்தும் லிமிட்டெட் ஸ்லிப் வகையில் உள்ள கிளட்ச் தட்டுகளும், அவற்றுக்கான சேர்க்கைப் பொருள் இல்லாத ஆயிலை ஊற்றிவிட்டால், இப்படித்தான் அதிரும். அங்கே ஆயிலை மாற்றினாலே பல சமயம் சரியாகிவிடும். இது தெரியாமல் மொத்தத்தையும் கழற்றச் சம்மதிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

கியரை ரிவர்ஸுக்கு மாற்றியதும் 'டக்' என்று அடிப்பது, ஊரும் வேகத்தில் கீச் கீச் என்பது, இரண்டுமே பெரும்பாலும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் (கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு) கிராஸ் எனப்படும் சிலுவை இணைப்பின் வேலை. அதன் மூடிகளைச் சுற்றிச் செந்தூள் தெரிந்தால் உள்ளே ஊசி உருளைகள் கிரீஸ் இல்லாமல் துருப்பிடித்துவிட்டன என்று அர்த்தம். என்ஜினை அணைத்து, சக்கரங்களுக்கு நன்றாகக் கட்டை கொடுத்து, நியூட்ரலில் வைத்துவிட்டு, இணைப்பின் இருபுறமும் பிடித்து எதிரெதிராகத் திருகிப் பாருங்கள். கைக்கு ஆட்டம் தெரிந்தால் மாற்ற வேண்டியதுதான். ஷாஃப்ட்டைக் கழற்றும் முன் இருபக்கமும் பெயின்ட்டால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். பழைய நிலையிலேயே பூட்டாவிட்டால் முன்பு இல்லாத அதிர்வு வந்துவிடும்.

சத்தத்தின் தாளத்தையும் எண்ணலாம். டயரின் சுற்றளவு சுமார் 2 மீட்டர் என்றால், மணிக்கு 7 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்கு ஒருமுறை சுற்றும். பின் அச்சு விகிதம் 4 என்றால் ஷாஃப்ட் அதே நொடியில் நான்கு முறை சுற்றும். நொடிக்கு ஒரு தட்டல் கேட்டால் சக்கரம், பிரேக் பக்கம் போங்கள். அதைவிட மிக வேகமாக வந்தால் ஷாஃப்ட் பக்கம் வாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. சத்தம் கேட்பதற்காக ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, கியர் போட்டு ஓடவிடாதீர்கள். தரையில் இருக்கும் மறுசக்கரம் பிடித்தால் வண்டி பாய்ந்துவிடும். இதில் உயிர் போகலாம்.

டிஃபரன்ஷியல் ஆயிலைப் பார்க்கும்போது, ஊற்றும் திருகைக் கழற்ற முடிகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் வடிக்கும் திருகைத் திறக்கவும். திருகில் உள்ள காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருப்பது இயல்பு. செதில்களோ துண்டுகளோ கிடந்தால் திறந்து பார்த்தே ஆக வேண்டும். பினியன் சீலில் (ஆயில் வெளியே வராமல் தடுக்கும் வளையம்) கசிவு என்றால், உள்ளிருக்கும் காற்று வெளியேறும் மூச்சுக்குழாய் அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்; உள்ளே அழுத்தம் ஏறினாலும் ஆயில் சீல் வழியே வெளியேறும். சீல் மாற்றும்போது பினியன் நட்டைக் கண்மூடித்தனமாக இறுக்கினால் பேரிங்கின் அழுத்தம் கூடி, கசிவுக்காக வந்த வண்டி ஊளையோடு திரும்பிவரும். கிரவுனும் பினியனும் ஜோடி; ஒன்றை மட்டும் மாற்றுகிறேன் என்றால் சம்மதிக்காதீர்கள்.

அரைக்கும் சத்தம் நாளுக்கு நாள் கூடுகிறது, ஒருபக்கச் சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப் மட்டும் கொதிக்கிறது, ஷாஃப்ட் தரைத்தகட்டில் மோதுவது போல அதிர்கிறது என்றால் ஓட்டி வர வேண்டாம். வண்டியை முழுதாக மேலே ஏற்றிக் கொண்டுவரச் சொல்லுங்கள். பின்சக்கரங்கள் தரையில் உருளும்படி இழுத்து வந்தால் பழுதான பாகம் வழியெல்லாம் சுற்றிக்கொண்டேதான் வரும்.